புளியமரத்தாண்ட நின்ன வண்டி

எங்கண்ணன் கல்யாணத்துக்குக் குறுக்க நின்னது ஜாதகமும் இல்ல, செவ்வாய் தோஷமும் இல்ல. ஒரு மோட்டார் சைக்கிளு.

எழுபத்தெட்டு, எழுபத்தொம்போது வாக்குல நடந்தது இது. வெள்ளைக்காரன் ஊரவிட்டுப் போறப்ப எடுத்துகினு போக மறந்த மிலிட்டரி வண்டி அது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்குக் கெழவயசு. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு தாடிக்கார தொரை அத வச்சிருந்தாரு. "எல்லாத்தையும் துறக்கப் போறேன்"னு சொல்லி ஒருநாள் எங்கண்ணன் தலைல கட்டிட்டுப் போயிட்டாரு. எப்பேர்ப்பட்ட துறவுன்னு தெருவே வாயப் பொளந்தது. ஓட்டிப் பாத்த எனக்குத்தான் தெரியும், அது துறவு இல்ல, ஆளு தப்பிச்சிட்டாரு.

எங்கண்ணன் ஜவுளிக்கடைல துணி கிழிச்சிக் குடுக்கற வேலை. ஆளு சாது. வாயத் தொறந்து நாலு வார்த்த சேந்தாப்புல பேசினா அன்னிக்கி மழ வரும். அவனுக்கும் சேத்து நான் பேசறதால வீட்டுல சமமாப் போச்சி. எட்டாவதுல ரெண்டு வருசம் உக்காந்துட்டு, வாத்தியாருங்களே அலுத்துப்போய் அனுப்பிவச்ச ஆளு நானு.

வண்டிய ஸ்டார்ட் பண்றதே ஒரு பூஜ மாதிரி. மொதல்ல டேங்க்குக்கடியில இருக்கற பெட்ரோல் கொழாயத் தொறக்கணும். கார்புரேட்டர் தலைல ஒரு குமிழு இருக்கும், அத அமுக்கினா பெட்ரோலு வழியும். கொஞ்சம் வழிஞ்சா சரி, ஜாஸ்தியா வழிஞ்சா பிளக்கு நனைஞ்சிப் போயி அன்னிக்கி நடைதான். அப்புறம் கிக்கர ஒதைக்கணும். நாம ஒதைச்சா அது திருப்பி ஒதைக்கும். எங்கண்ணன் வலது கால நொண்டிகினு கடைக்குப் போனா, "இன்னிக்கி வண்டி ஸ்டார்ட் ஆயிடிச்சி போலருக்கு"ன்னு மொதலாளி கண்டுக்குவாரு.

ஆனா ஒருவாட்டி கெளம்பிட்டா ராஜா. கெரிவலப் பாதையில மலையச் சுத்தி ஒரு எடத்துல நிக்காம வரும். பக்கத்துல வேங்கிக்காலுக்கும் சினிமாவுக்கும் போய் வரும். அதனாலதான் தரகரு கீழ்பென்னாத்தூருல ஒரு பொண்ணு வீட்டுல, "மாப்ளைக்கு சொந்த வண்டி இருக்குது"ன்னு பெருமையா சொல்லிட்டாரு. பொண்ணோட அப்பா மல்லாட்ட வியாபாரி, அதாங்க வேர்க்கடல. கொட்டைய ஒடைச்சிப் பாக்காம வாங்காத மனுசன். "அப்டின்னா மாப்ள அந்த வண்டிலயே வரட்டும், பாக்கலாம்"னுட்டாரு.

வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள போய்ச் சேரணும். டேங்க்கு நெறைய பெட்ரோலு ஊத்தினோம். அம்மா வண்டிக்கு விபூதி பூசி, டேங்க்கு மேல சந்தனம் கொழைச்சி அப்பி, நடுவுல குங்குமம் வச்சி, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழமும் வச்சாங்க. அப்புறம் தட்டோட பெரியவங்கள இட்டுகினு அம்மா மொதல்லயே பஸ்ஸுல போயிட்டாங்க. அண்ணன் ஓட்டறான், நான் பின்னாடி. ஏரிக்கரையத் தாண்டி ஒரு பெரிய புளியமரம். அதாண்ட வந்ததும் வண்டி ரெண்டு இருமு இருமிட்டு நின்னுபோச்சி.

மூடியத் தொறந்து பாத்தோம், பெட்ரோலு தளும்புது. மூடிட்டு பிளக்கக் கழட்டித் தொடைச்சிப் போட்டோம். ஒதைச்சா ஸ்டார்ட் ஆச்சி! "பாத்தியா, பிளக்குதான்"னு அண்ணன் சிரிச்சான். கொஞ்ச தூரத்துல மறுபடியும் நின்னுது. மறுபடி மூடியத் தொறந்தோம், பெட்ரோலு இருக்குது. பிளக்க இஞ்சின் மேல வச்சி, "புடிச்சிக்கடா"ன்னு ஒதைச்சான். நீலமா நெருப்பு பறந்துது. கரண்ட்டு நல்லா வருதுன்றத என் முழங்கையே சொல்லிச்சி. கார்புரேட்டரக் கழட்டி ஊதினோம், ஸ்டார்ட் ஆச்சி, திரும்ப நின்னுது. இப்டியே ராகுகாலம் வந்திடிச்சி. அந்த நேரத்துல பொண்ணு வீட்டு வாசல மிதிச்சா அம்மா எங்களயே மிதிப்பாங்க. டேங்க்கெல்லாம் எங்க கிரீஸ் கை. வண்டி அழுக்கா இருந்தா அண்ணனுக்குத் தாங்காது. பளபளன்னு தொடைச்சிட்டுத் திருப்பினான். ஊருக்குத் திரும்பி வரப்ப ஒரு எடத்துல நிக்கல!

"வண்டிக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லடா"ன்னேன். அண்ணன் சிரிக்கல.

மெக்கானிக் பாய் இஞ்சின்ல காத வச்சிக் கேட்டாரு, பெரிய டாக்டர் மாதிரி கண்ண மூடிகினு. "தம்பி, பிளக்குக்கு நெருப்பு குடுக்கற பாயிண்ட்டு போச்சி. மேக்னெட்டு மண்டையும் சூடாவுது."

"அப்ப கெரிவலப் பாதையில மட்டும் எப்டி பாய் ஓடுது?"

"அது சாமி எடம்பா. அங்க எல்லாம் ஓடும்."

பாயிண்ட்டு புதுசு போட்டாரு. பொண்ணு வீட்டுல பெரிய மனசு பண்ணி இன்னொரு வெள்ளிக்கெழமைக்கு வரச் சொன்னாங்க. போன தடவ கொறை வச்சிட்டோமோன்னு இந்தவாட்டி அம்மா சந்தனத்த ரெண்டு பங்கா அப்பினாங்க. அதே புளியமரத்தாண்ட அதே இருமல். தொறந்தோம், மூடினோம், கழட்டினோம், ஊதினோம், தொடைச்சோம், திரும்பிட்டோம்.

அப்புறம் ஊருல ஆளாளுக்கு டாக்டரு. பெட்ரோல்ல மண்ணெண்ண கலந்திருக்குதுன்னாரு ஒருத்தரு. அந்த மரத்துல ஒருத்தி தூக்கு மாட்டிகினு செத்தா, கல்யாண மாப்ளைங்கள விடமாட்டான்னாரு இன்னொருத்தரு. "அவ பஸ்ஸு, லாரியெல்லாம் வுடறாளே"ன்னு கேட்டேன். "அதுலல்லாம் மாப்ள போறானா?"ன்னு மடக்கிட்டாரு. ஜோசியரு கட்டத்தப் பாத்துட்டு, வாகன ஸ்தானத்துல சனி கால் நீட்டிப் படுத்திருக்குதுன்னாரு. "கொஞ்சம் மடக்கிக்கச் சொல்லுங்க சாமி, ஒரேயொரு வண்டி போவணும்"னேன். அம்மா தொடையில கிள்ளினாங்க.

பொண்ணோட அப்பாகிட்டருந்து தரகரு சேதி கொண்டாந்தாரு. "செஞ்சியில ஒரு பஸ் கண்டக்டரு கேக்கறாரு. அவரு வண்டி டயத்துக்கு வருது. இந்த வெள்ளிக்கெழம ராகுகாலத்துக்கு முன்னாடி உங்க புள்ள வாசல்ல நிக்கலன்னா அவருக்கே குடுத்துடறாங்களாம்."

"பேசாம பஸ்ஸுலயே போயிடுடா"ன்னேன் அண்ணன்கிட்ட.

"கண்டக்டருக்கு எதிரா டிக்கெட் வாங்கிகினு போவச் சொல்றியா?"ன்னான். அவன் அவ்ளோ பேசினதே அன்னிக்கித்தான். தரகரு வச்சிருந்த போட்டோவுல அந்தப் பொண்ணப் பாத்ததுலருந்தே ஆளு சரியில்ல. கடையில ரெண்டு மீட்டரு கேட்டவங்களுக்கு மூணு மீட்டரு கிழிச்சிக் குடுத்துகினு இருந்தான்.

மூணாவது வெள்ளிக்கெழம. டேங்க்கு நெறைய பெட்ரோலு. அம்மா அப்பின சந்தனம் இருக்குதே, அடை தட்டினாப்புல இருந்துது. வண்டிக்கு அலங்காரம் பண்ற அவசரத்துல என்னைக் கவனிக்கல, என் நெத்தி மொட்டையாவே கெடந்துது. அவங்க பஸ்ஸுக்குப் போயிட்டாங்க, நாங்க கெளம்பினோம். ஏரிக்கரை, புளியமரம், இருமலு.

அண்ணன் எறங்கினான். பிளக்கு ஸ்பேனரக்கூட எடுக்கல. மரத்தடியில போயி உக்காந்துட்டான். கண்ணு கலங்கிப் போச்சி.

"டேய், அழுவாதடா. அவ மேலருந்து பாத்துகினு இருக்கப் போறா"ன்னேன் மரத்தக் காட்டி.

"போடா நீ. மூஞ்சப் பாரு, நெத்தியில ஒண்ணுமில்லாம. பொண்ணு வீட்டுக்குப் போறவன் மாதிரியா இருக்குது?"

"இரு, நானும் பக்திமானா மாறிக்கறேன்"னு டேங்க்கு மேல இருந்த சந்தனத்த நகத்தால சொரண்டினேன். காஞ்சி சுண்ணாம்பாட்டம் புடிச்சிருந்துது. மூடி மேலருந்து மொத்தமாப் பேத்து எடுத்தனா, உள்ளருந்து "ஸ்ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம்.

அண்ணன் துள்ளி எழுந்தான். "பாம்பாடா?"

குனிஞ்சி பாத்தோம். மூடி நடுவுல, குங்குமம் இருந்த எடத்துல, ஊசி போறாப்புல ஒரு ஓட்டை. அது வழியா காத்து உள்ள போய்கினு இருந்துது.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எண்ணெய் டின்னு ஞாபகம் வந்திடிச்சி. புது டின்னுல ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் எறங்காது, காத்து போக இன்னொரு ஓட்டை போட்டாத்தான் எறங்கும். டேங்க்குக்கு காத்து போற ஓட்டையத்தான் எங்கம்மா வெள்ளிக்கு வெள்ளி சந்தனத்தால பூசி அடைச்சிருக்காங்க! காத்து இல்லாம பெட்ரோலு எறங்கல. ஒவ்வொரு வாட்டியும் நாங்க மூடியத் தொறந்து பாத்ததுல காத்து பூந்திருக்குது, வண்டி கெளம்பியிருக்குது. அண்ணன் தொடைச்சப்ப சந்தனமும் போனதாலதான் திரும்பறப்ப நிக்காம வந்திருக்குது. பேரு மட்டும் பிளக்குக்கும் பாயிண்ட்டுக்கும் போயிடிச்சி. சனி பகவான் மேலதான் வீணாப் பழி.

அண்ணன் ஒரே ஒதை. வண்டி திருப்பி ஒதைக்கக்கூட இல்ல. நான் பேத்த சந்தனத்தத் தண்ணி தொட்டுக் கொழைச்சி நெத்தி பூராப் பூசிகினு ஏறிக்கினேன்.

பத்து மணிக்கெல்லாம் வாசல்ல நின்னோம். மல்லாட்டக்காரரு வெளிய வந்து மொதல்ல வண்டிய சுத்திப் பாத்தாரு, அப்புறம் என் நெத்தியப் பாத்தாரு. "தம்பிக்கு ரொம்ப பக்தி"ன்னாரு. "இதாலதாங்க மாமா வந்து சேந்தோம்"னேன். சத்தியமான வார்த்த. பொண்ணு காபி கொண்டாந்துது, அண்ணன் டம்ளர வாங்கத் தெரியாம தட்டோட இழுத்தான். தட்டு மாத்திக்கிட்டாங்க.

கெளம்பறப்பதான் வந்துது வென. பொண்ணோட அம்மா சந்தனக் கிண்ணத்தோட நேரா வண்டிகிட்டப் போனாங்க. "மாப்ள வண்டிக்கு ஒரு பொட்டு வச்சி அனுப்பணும் இல்ல."

அதுவரைக்கும் வாயே தொறக்காத எங்கண்ணன் பாஞ்சி போயி ரெண்டு கையாலயும் மூடியப் பொத்திகினு, "வேணாங்க அத்த!"ன்னு கத்திட்டான்.

மங்கலமா வைக்கற பொட்ட வேணான்றானேன்னு மல்லாட்டக்காரரு மூஞ்சி சுருங்குது. செஞ்சி கண்டக்டரு விசில் ஊதறது என் காதுல கேட்டுது.

"டேங்க்குல வைக்கக் கூடாதுங்க அத்த, அது வண்டிக்கு வயிறு"ன்னேன். "லைட்டு மேல வைங்க. அதான் நெத்தி."

"அட ஆமா"ன்னு சிரிச்சிகினே லைட்டுக் கண்ணாடி நெறைய அப்பினாங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டாப் போதும். ஜன்னலுக்குப் பின்னாடி பொண்ணு சிரிச்சது எங்கண்ணனுக்குக் கேட்டுடிச்சி, காதெல்லாம் செவந்துபோச்சி.

எங்கம்மா மட்டும் சிரிக்கல. டேங்க்கப் பாத்தாங்க, என் நெத்தியப் பாத்தாங்க. "ஏண்டா, காலைல நான் வண்டிக்கு வச்ச சந்தனம் எங்க?"

"அதிருக்கட்டும்மா. புது எண்ணெய் டின்னுக்கு நீ எத்தினி ஓட்டை போடுவ?"

"ரெண்டு. ஏன்?"

அண்ணன் அதுக்குள்ள கிக்கர ஒதைச்சிட்டான்.