ஹோலை ஒதுக்கிய நாள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் அழகான வீடு என்றால் வெள்ளை வீடு என்று ஆகியிருந்தது. வேலையிடத்து நோர்வேக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்தார். ஒரு சோபா, ஒரு விளக்கு, போத்தலில் ஒரு சுள்ளி. "இப்போதுதான் குடிவந்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறாராம்.

நகரின் ஓரத்தில், வெஸ்ட்லி மாடிக் குடியிருப்பில் எங்கள் வீடு நேர்மாறு. வெறும் இடத்தைக் கண்டால் மனைவிக்குக் கை துருதுருக்கும். சுருக்கு வைத்த திரைச்சீலை இரண்டடுக்கு, கண்ணாடி அலுமாரி நிறையப் பீங்கான் வாத்துகள், தொலைக்காட்சிக்கும் ஒரு பின்னல் விரிப்பு. தூசி தட்டுவது நான். எனக்கு அந்த நோர்வேக்காரரின் வீடுதான் பிடித்திருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. மனைவியின் தகப்பன், என் மாமா, சில வருடங்களுக்கு முன் போர் நடந்த வன்னியில் இறந்த செய்தி மாதக்கணக்கில் பிந்தித்தான் வந்தது. பிந்திக் கேட்ட சாவுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. அவள் அடுத்த நாளே வேலைக்குப் போனாள். அழுததை நான் காணவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வாத்துகள் அதன் பிறகுதான் வரத் தொடங்கின.

நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் பக்கம் குடிபோக நினைத்து வீட்டை விற்க வெளிக்கிட்டோம். இங்கே அதற்கு 'விஸ்னிங்' வைக்க வேண்டும், வாங்க நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிப் பார்ப்பார்கள். வீட்டை அதற்குத் தயார்படுத்த ஒரு பெண் வந்தாள். வாத்துகளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்கு அனுப்பச் சொன்னாள். மனைவி ஒன்றுக்கும் மறுக்கவில்லை. அந்தப் பெண் மாலை போட்டிருந்த மாமாவின் படத்தில் கை வைத்தபோது மட்டும், "அய்யாட படம் இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை, வந்தவர்களை இருத்தும் ஹோல் வெறுமையாகக் கிடந்தது. சுவரோரம் தள்ளிய சோபாவுக்கு வெள்ளைத் துணி, மேசையில் வெள்ளைப் பூ, சுவரில் மாமா மட்டும். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். திறந்திருந்த கதவால் உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குத்தான் ஹோலை இப்படி ஒதுக்குவார்கள்.

"ஐயோ தங்கச்சி, எப்ப? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்று மனைவியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்.

"அக்கா, இது வீடு விக்கிறதுக்கு..." என்று நான் இழுத்தேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. "அய்யா போயிட்டார் அக்கா" என்றாள். பிறகு நிலத்தில் குந்தியிருந்து, வாய்விட்டு அழுதாள்.

வீடு பார்க்க வந்த முதல் சோடி, தரை அழுக்காகாமல் சப்பாத்துக்கு நீலப் பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. வீட்டில் ஒரு சாவு, இன்று பார்க்க முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.