ராமேஸ்வரம் என்று எழுதிய பாட்டில்கள்

கடல் நுண்ணுயிர்களை ஆராய்வதும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் என் வேலை. போன பௌர்ணமியன்று மாணவி ஈஸ்வரியும் நானும் கடல்நீர் பாட்டில்கள் நிறைந்த ஐஸ் பெட்டியோடு திருவண்ணாமலையில் இறங்கினோம். கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆய்வகம் இருக்கும் வேலூருக்குப் பஸ் பிடிக்க வேங்கிக்கால் வரை நடக்க வேண்டும்.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மோர் குடித்தோம். திரும்பினால் பெட்டி இல்லை. ஈஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய ஒரு வருட உழைப்பு அது. யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால் என்று எனக்கு இன்னொரு பயம்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா எங்களைக் கவனித்துவிட்டார்.

“பயப்படாதீங்க மேடம். எங்க பொட்டின்னு நெனச்சு பசங்க உள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க. தெறந்தா பாட்டில்ல எல்லாம் ராமேஸ்வரம்னு எழுதியிருந்துச்சு. தீர்த்தமாச்சேன்னு யாரையும் தொட விடல. ஐஸ் கம்மியா இருந்துச்சு, கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன்.”

ஈஸ்வரி ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தலையில ரெண்டு சொட்டு தெளிச்சுக்கட்டுமா மேடம்?” அந்த அம்மா தயங்கியபடி கேட்டார்.

ஆய்வகத்துக்கு வெளியே பாட்டிலைத் திறக்கக் கூடாது என்று மாணவர்களைத் திட்டித் திட்டிப் பழக்கியவள் நான். உபரியாக எடுத்து வந்திருந்த பாட்டிலை நானே திறந்தேன். அந்த அம்மாவுக்குத் தெளித்து நிமிர்ந்தால், பக்கத்தில் ஈஸ்வரியும் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தாள்.