தெளிந்த தண்ணீருக்கு உயர்ந்த கைகள்

தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. இதை மறுத்துப் பேச அன்று ஒருவருக்கும் வக்கில்லை; ஆயினும் என்னைத் தோற்கடித்தார்கள்.

அலுவலக நண்பர்கள் அறுவர் மலையேற்றத்துக்குக் கிளம்பவிருந்தோம். வழியில் ஓடைத் தண்ணீர்தான் குடிநீர். அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று முடிவெடுக்க, ஸ்ரீராம்புரத்தில் நானும், அறுவரில் ஒருத்தியான என் அறைத்தோழியும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் கூடினோம். முந்தைய ஆண்டு மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்திருந்தவள் நான். தண்ணீரில் மட்டும் அசட்டை கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஏனையோருக்கு அது ஒரு தலைப்பு; எனக்கு அது என் கல்லீரல்.

குழுத்தலைவன் தான் புதிதாக வாங்கிய ஃபில்டரை எடுத்தான். பூந்தொட்டி மண்ணைக் கரைத்த நீரை அதன் பையில் ஊற்றிப் பிழிந்தான். கண்ணாடிபோல் வடிந்ததை மடமடவென்று குடித்து வாயைத் துடைத்துக்கொண்டான். வித்தை காட்டுபவனுக்கு விழும் அதே கைத்தட்டல் விழுந்தது.

நான் எழுந்தேன். அந்த ஃபில்டர் மண்ணைத் தடுக்கும், பாக்டீரியாவைத் தடுக்கும். காமாலையைக் கொண்டுவரும் வைரஸ் அதன் துளைகளைவிடச் சிறியது, நுழைந்துவிடும். நாங்கள் நீர் எடுக்கப்போகும் ஓடை எஸ்டேட் குடியிருப்புகளைத் தாண்டி வருகிறது என்பதை இவனே படம் காட்டிப் பெருமையடித்திருந்தான். ஆகவே வடிகட்டிய பின் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். இவ்வளவுதான் என் கட்சி.

"மைக் கொண்டாரட்டா மேடம்?" என்றான் அவன். "ஸ்விம்மிங் பூல் தண்ணிய நாள் பூரா எவன் குடிப்பான்?"

"கீழ ராஜகாலுவே கால்வாய்ல சாக்கடை ஓடுது," என்றேன். "ஒரு பாட்டில் மொண்டு வரேன். உங்க ஃபில்டர்ல பிழிஞ்சு, இதே மாதிரி மடமடன்னு குடிச்சுக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன்."

"சீ! அதைப் போய் யாராவது குடிப்பாங்களா?"

"ஏன்? தெளிவாத்தானே வரும்?"

பட்டிமன்ற மேடையென்றால் இந்தக் கேள்வியோடு அவன் தோற்றிருப்பான். மொட்டை மாடியிலோ அவன், "சரி, ஃபில்டர் மட்டும் போதும்ங்கறவங்க கை தூக்குங்கப்பா" என்றான். என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். காமாலை நாட்களில் எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டிய அறைத்தோழியும் தூக்கினாள்.

"என் பாட்டில்ல மட்டும் போட்டுக்கறேன்," என்றேன்.

"தனிக் கச்சேரியெல்லாம் வேணாம். உன்னப் பாத்து நாலு பேரு பயப்படுவான். டீமா வந்தா டீம் தண்ணி."

"அப்ப நான் வரலை."

யாரும் தடுக்கவில்லை. நான் படியிறங்கும்போது அறைத்தோழி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏய், அந்த மாத்திரைல ஒரு அட்டை குடுடி. அவங்களுக்குத் தெரிய வேணாம்."

பையிலிருந்து எடுத்து நீட்டிய அட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"தெரியற மாதிரி போடறதா இருந்தா வாங்கிக்கோ."

"இப்பவும் நீதான் ஜெயிக்கணுமாடி?"

"ஆமா," என்றேன்.

அவள் வெறுங்கையோடு மாடிக்கே திரும்பிப் போனாள்.