அரை ஆளுக்கு அழுதவர்கள்

அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் கீழ்வேளூரில் இத்தனை பேர் புத்தகம் படிப்பார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை எங்கள் கிளை நூலகத்தில் தினசரிக்கும் வார இதழுக்கும்தான் சண்டை. புத்தக அலமாரியைத் திறந்தால் பல்லிகள்தான் என்னைக் கோபித்துக்கொள்ளும். திடீரென்று ஒரே ஒரு புத்தகத்துக்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தச் சில மாதங்கள் நூலகராகிய நான்தான் கூத்தாடி.

கூலிப் போராட்டம் நடந்த காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் மூன்று பிள்ளைகள் கொலை செய்யப்பட்டார்கள். சம்பா அறுவடை நாளில் காணாமல் போய், வாய்க்காலில் கிடைத்தார்கள். ஒருவனுக்கும் இருபது வயது ஆகவில்லை. பிடிபட்டவர்கள் எல்லாரும் பிறகு விடுதலையாகிவிட்டார்கள். பல வருடம் கழித்து ஒரு பத்திரிகைக்காரர் வழக்குக் காகிதங்களைத் தேடியெடுத்து எழுதிய புத்தகம் அது. எந்த மிராசுதாரின் பெயரும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் உடம்பில் இருந்த ஒவ்வொரு காயமும் இருந்தது. அந்தப் பக்கங்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன்.

நான் மாயவரத்துக்காரி. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள், வயலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் அதிகம். புத்தகத்தில் செத்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இரண்டு முழு ஆள், ஓர் அரை ஆள் என்று வந்தது. அரை ஆள் என்றால் எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை போலிருக்கிறது, சோற்றுக்கு இல்லாமல் பாதி உடம்பாகிவிட்டான் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு அழுதேன். மற்ற இரண்டு பேருக்காக அவ்வளவு அழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்தவர்கள் எல்லாரும் என்னைப் போலவே கலங்கிப்போய் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தவர்களைப் பார்த்து எனக்குத்தான் கலக்கம் வந்தது. வங்கி மேலாளரின் மனைவி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கையிலேர்ந்து கீழ வைக்க முடியலைங்க. குழம்பு அடிப்பிடிச்சதுகூடத் தெரியல. இதே மாதிரி வேற எதாவது இருக்கா?" என்றார். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. எந்த அலமாரியைக் காட்டுவது என்று தெரியாமல் ஒரு துப்பறியும் நாவலை எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

கரைவேட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரின் கரையும் வேறு வேறு. இருவருக்கும் ஒரே கேள்வி: இது எந்த ஆட்சியில் நடந்தது? சத்தம் போடாதீர்கள் என்று நான் எழுதி மாட்டிய பலகைக்கு அடியில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கிழித்தார்கள். கொலை ஓர் ஆட்சியில், விடுதலை இன்னோர் ஆட்சியில் என்று நான் பக்கத்தைக் காட்டியதும் இருவருக்கும் சமாதானமாகிவிட்டது. சேர்ந்தே டீ குடிக்கப் போனார்கள்.

எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் ஒரு தமிழாசிரியர். அவர் 'அரை ஆள்' என்ற சொல்லில் சொக்கிப்போனார். "வாழ்ந்தது பாதி, வாழாதது பாதி. அரை ஆள்! என்ன உருவகம் பாருங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எலும்பும் தோலுமான பிள்ளையை விட்டுவிட்டு உருவகத்துக்கு மாறிக்கொண்டேன்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் பெரிய பண்ணை ஒன்றின் வாரிசு. அறுபதைத் தாண்டியவர், பரம்பரை மிராசுதார். புத்தகத்தைப் பழுப்புத்தாளில் சுற்றி எடுத்து வந்தார். "சோறு இறங்கலம்மா. பெத்தவங்க எப்படித்தான் தாங்குனாங்களோ" என்றார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. அடுத்த மூச்சில், "எங்க குடும்பத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தெரிஞ்சுக்க" என்றார். நான் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த உடைந்த குரல் பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒரே மனிதனுக்குள் இரண்டும் எப்படி இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

தமிழாசிரியரின் உருவகத்தை அவரிடம் சொன்னதும், அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உருவகமாவது ஒண்ணாவது! அது கூலிக் கணக்கும்மா. ஆம்பளை முழு ஆள். வயசு வராத பயலுக்குப் பாதிக் கூலி, அவன் அரை ஆள். முழு நெல்லுக்கட்டைத் தலையில ஏத்தி, நடுவுல இறக்காம களத்துல கொண்டாந்து போட்டுட்டான்னா அன்னையிலேர்ந்து முழு ஆள். காரியக்காரர் சொல்லிடுவார்." காரியக்காரர் என்றால் பண்ணையின் வேலையாட்களை மேய்க்கிறவர் என்பதையும் அவரே விளக்கினார். ஆக, அரை ஆள் என்றால் குழந்தை. அன்று வீட்டுக்குப் போய் மறுபடியும் அழுதேன், இந்த முறை சரியான காரணத்துக்காக என்று எனக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியில் மண்ணைப் போட்டவர், புத்தகம் அரை ஆள் என்று சொன்ன அந்தப் பிள்ளையின் அக்கா.

ஒரு மத்தியானம், நடவு முடித்த சேறு காலில் காயாமல், வாசலிலேயே நின்றார். "லைப்ரரிம்மா, என் தம்பியப் பத்தி எழுதியிருக்காமே. எந்த எடம்னு காட்டுறீங்களா?" என்று கேட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசையப் படித்தார். காயங்கள் வரும் பக்கத்தை அவர் படிக்கக்கூடாதே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் படித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், மேலே போனார். நின்றது 'அரை ஆள்' என்ற இடத்தில்.

"இது தப்பு" என்றார்.

"எது, அக்கா?"

"அவன் முழு ஆளு. செத்துப்போறதுக்கு முந்தின நாளு கட்டத் தூக்கிட்டான். வரப்புல ரெண்டு எடத்துல தடுமாறுனான், எறக்கல. களத்துல கொண்டாந்து போட்டான். காரியக்காரரே சொன்னாரு, நாளையிலேர்ந்து நீ முழு ஆளுடான்னு. அம்மாகிட்ட வந்து அந்தக் குதி குதிச்சான். மறுநாளு முழு ஆளா நின்னு கூலி கேக்கத்தான் போனான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இத அழிச்சுட்டு நீங்களே எழுதிருங்களேன்" என்றார்.

இது அரசாங்கச் சொத்து, இதில் நான் பேனாவை வைக்க முடியாது என்று சொன்னேன். எழுதினவரால் முடியுமா என்று கேட்டார். அடுத்த பதிப்பில் மாற்றலாம் என்றேன். எழுதினவரே ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வரப்போகிறார் என்பதையும் சொன்னேன். "அப்ப நானும் வரேன்" என்று எழுந்து போனார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரே அழுகிறது. செத்தவனின் அக்கா, அவன் குழந்தை இல்லை என்று சொல்ல வருகிறார். எனக்கு அவர் பேச்சு புரிந்தது. புரிந்த பிறகும், அந்தச் சொல் மாறிவிட்டால் என் அழுகை என்னவாகும் என்று ஓர் அற்பமான கவலை வந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. எழுத்தாளர் நல்ல மனிதர், அலட்டல் இல்லாதவர். தமிழாசிரியர் அரை மணி நேரம் உருவகத்தைப் பாராட்டினார். உண்மை தெரிந்த மிராசுதார் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, கூட்டத்தில் வைத்துத் தமிழாசிரியரின் மூக்கை உடைப்பானேன். பிறகு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவைப் பேசச் சொன்னேன். கட்டுத் தூக்கிய கதையை என்னிடம் சொன்னது போலவே சொன்னார். வரப்பில் தடுமாறிய இடத்தில் அவர் தோள்கூட லேசாகச் சாய்ந்தது. கடைசியில், "என் தம்பிய முழு ஆளுன்னு மாத்திருங்க சார்" என்றார்.

கூட்டம் நெளிந்தது. வங்கி மேலாளரின் மனைவி பக்கத்தில் இருந்தவரிடம், "ஐயோ, நான் சின்னப் பிள்ளைன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஏதோ ஏமாந்துபோன குரல். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. என் மனதிலும் அதேதான் ஓடியது என்பதால் இன்னும் அதிகமாக ஏறியது.

எழுத்தாளர் எழுந்து நின்றே பதில் சொன்னார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா வழக்குல எல்லா எடத்துலயும் அரை ஆள்னுதான் இருக்கு. உங்க பக்கத்து வக்கீல்தான் அப்படி வேணும்னு நின்னார். முழு ஆள்னா கூலித் தகராறுக்குப் போனவன்னு எதிர்த்தரப்பு சொல்லிடும். சின்னப் பிள்ளைன்னாதான் ஜட்ஜ் மனசு இளகும். கூண்டுல ஏறி அப்படிச் சொன்னதே உங்க அப்பாதாம்மா."

"தெரியும் சார்" என்றார் அந்த அக்கா. "சொல்லிட்டு வந்து அப்பா மூணு நாளு எங்க யாரு மூஞ்சியும் பாக்கல. பெத்த புள்ளையப் பாதியா கொறச்சுட்டு வந்துட்டேன்டின்னு அம்மாகிட்ட அழுதாரு. கேஸு ஜெயிக்கணும்னு சொன்னாரு, சரி."

எழுத்தாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"கேஸுதான் தோத்துப்போச்சே சார். இன்னும் எதுக்கு அவன அரை ஆளாவே வெச்சிருக்கீங்க?"