ரிலீவர் வராத மாவிலந்தூர்

கடந்த வெள்ளிக்கிழமை, ஆனி மூன்றாம் நாள் காலை, லஸ் முனையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ரிக்‌ஷாக்கார முனுசாமி வண்டியை நிறுத்தினான். “இன்னா சாமி, இங்க நின்னுகினு கீற? நம்ம டேசன் மாஸ்டர் பூட்டாரு” என்றான். எடை போட்ட கத்திரிக்காயை அப்படியே விட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறினேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் சேஷாத்ரியை மந்தைவெளிவாசியாகவே அறிவீர்கள். மாவிலந்தூர் ரயில் நிலையத்தின் கடைசி அதிகாரி அவர். நிலக்கடலை மூட்டைகளை ஏற்றுவதற்காகக் கட்டிய சிற்றூர் நிலையம். லாரி வந்ததும் மூட்டைகள் போயின. பஸ் வந்ததும் பயணிகள் போனார்கள். 1968 புரட்டாசியில் அதை மூடினார்கள். 1969 என்று சிலர் சொல்வது பிழை. அறுபத்தெட்டு தீபாவளிக்கு அவர் மந்தைவெளியில் இருந்தார்.

எங்கள் உத்தியோகத்தில் ஒரு முறை உண்டு. ரிலீவர், அதாவது அடுத்த அதிகாரி, வந்து பொருள்களைச் சரிபார்த்து, “பொறுப்பேற்றேன்” என்று சொல்லும்வரை நிலையத்தை விட்டு நகரக்கூடாது. மூடிய நிலையத்துக்கு ரிலீவர் ஏது? சாவியை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது அவரைக் கடைசிவரை அரித்தது.

1971 தை மாதம், துணைவியார் கமலா அம்மாள் காசிக்குப் போகலாம் என்றார்.

“நான் காசில இருக்கறச்சே ரிலீவர் வந்து நின்னா?”

“ரயிலே வராத ஸ்டேஷனுக்கு மாஸ்டராம்! ஆத்துல மட்டும் ஒரு பொறுப்பும் கிடையாது” என்று அம்மாள் சிரித்தார். சேஷாத்ரி சிரிக்கவில்லை. அம்மாள் தம் தங்கையோடு போய் வந்தார்.

போவதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் சேஷாத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீரும் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர்தானே. பொறுப்பை எடுத்துக்குமேன்.”

“ஆர்டர் எங்கே ஓய்?” என்று கேலி செய்தேன். அவர் கண்கள் நிறைந்தன. நான் எழுந்து நின்று, “சொல்லும்” என்றேன்.

“பெஞ்சு ரெண்டு. தராசு ஒண்ணு. மணிக்குப் பதிலா தண்டவாளத் துண்டு ஒண்ணு. கிணத்துல தண்ணி இருக்கு, உப்புக் கரிக்காது.”

ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றேன். முடிவில், “பொறுப்பேற்றேன்” என்றேன்.

“அப்போ நான் கிளம்பலாமா?”

“கிளம்பும்” என்றேன்.

நண்பர்களே, சேஷாத்ரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது மாவிலந்தூர். நான் ஒருநாளும் கண்டிராத நிலையம். இன்று அது என் பொறுப்பில் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு என்னை விடுவிக்கத்தான் சேஷாத்ரி இல்லை.