பல்கனியைக் கட்டியவர்

ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாவில் எங்கள் நாடக மண்டபம் எழும்பியபோது மேற்பார்வை என்னுடையது. பல்கனியைக் கட்டிய மேசன் ஒல்லியானவர். காதில் எப்போதும் பென்சில். கீழே ஒரு தூண்கூட இல்லாமல் சுவருக்குச் சுவர் அதை அமைத்திருந்தார். ஆனால் முட்டுப் பலகைகளைக் கழற்றிய பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். சீமெந்தைக் குறைத்துக் கலந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஏன் நீங்கள் மேல ஏறுறேல்லை?" என்று கேட்டேன்.

"வெடிப்பு வந்தாக் கீழ நிக்கிறவனுக்குத்தான் முதல்ல தெரியும், ஐயா."

"அப்ப வெடிக்குமோ?"

அவர் மறுபடியும் அண்ணாந்து பல்கனியைப் பார்த்தார்.

திறப்பு விழாவன்று மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பல்கனியின் முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்கு நேர் கீழே வந்து நின்றார். பல்கனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாடகம் முடியும்வரை அவர் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. என் வாயை அடைக்கத்தான் அவர்களை ஏற்றினாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.