கடலுக்குப் போன சாவி

புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால், விதிமுறைகளைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்பேன். மயிலாப்பூர் கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்ற முனியம்மாளால் வந்த பழக்கம் இது.

குப்பத்து மணலில் ஜட்கா வண்டி இறங்காது. பிரசவ வலி கண்டவளைப் புடவையில் ஏணை கட்டி, சாலை வரை தூக்கி வர வேண்டும். முனியம்மாளின் மருமகள் சொர்ணம் அப்படி வரும் வழியிலேயே போய்விட்டாள். அந்த 1931-ஆம் வருஷமே, கூடைக்காரிகளைச் சேர்த்துக்கொண்டு முனியம்மாள் ஒரு சங்கம் வைத்தாள். மூங்கில் கழி பூட்டிய தூக்கு நாற்காலி ஒன்று செய்தார்கள். அதை வைக்க ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு பூட்டு.

சாவி யாருக்கு? நம் ஊரில் இதற்கெல்லாம் யோசிப்பார்களா என்ன! முதல் மரியாதை குப்பத்துத் தலைவர் தேசப்பனுக்கு. மாலை போட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். அவரும் பெருமையாக அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். விடியுமுன் கட்டுமரம் ஏறுகிற மனிதர் அவர் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாளில் கெங்கம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றாள் மருத்துவச்சி. சாவியோ நடுக்கடலில்.

“தலைவரு வரட்டும். பூட்ட ஒடச்சா அவருக்கு அவமானம்” என்று பெண்கள் தயங்கினார்கள்.

“அவரு வர்றதுக்குள்ள இவ போயிடுவா” என்ற முனியம்மாள் கல்லை எடுத்து ஒரே போடாகப் போட்டாள்.

பிற்பகலில் காலி நாற்காலியோடு அவள் திரும்பியபோது தேசப்பன் உடைந்த பூட்டின் முன் நின்றிருந்தார். குப்பமே கூடியிருந்தது. அவர் முகம் சுளித்தால் சங்கம் அன்றோடு சரி. முனியம்மாளின் கூடையில் யாரும் மீன் போடவும் மாட்டார்கள்.

“இன்னா முனியம்மா, ஒடச்சிட்டியாமே?”

“ஆமா நைனா. சாவி உங்கூட கடலுக்குப் போயிடுச்சி.”

“பொண்ணு எப்டி கீறா?”

“தாயும் புள்ளயும் பொழச்சிக்கினாங்க.”

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை அவளிடம் நீட்டினார்.

“புதுப் பூட்டு வாங்கட்டுமா நைனா?”

“பூட்டே வேணாம். திருடிக்கினு போறவன் ஊட்லயும் பொம்பள இருப்பா.”

மருமகளைப் புதைத்த அன்றுகூட அழாத முனியம்மாள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, “சொர்ணம், சொர்ணம்” என்று வாய்விட்டு அழுதாள்.